பீச் படமெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் சும்மா கிடக்கு, விற்றுக் காசு பார்க்க வழி இருக்கா?

சில்வர்பீச்_செந்தில்

எல்லாருக்கும் வணக்கம். ஊரு கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம். சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போகாம நேரா பீச்சுக்குத்தான் போவேன், சூரியன் வர்ற நேரம் சரியா இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கேனான் பாடி, கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம். அவ்ளோதான் சரக்கு.

படத்தப் பார்க்கிறவங்க எல்லாம் "சூப்பர்டா, வித்தா நல்ல காசு வரும்"ங்கிறாங்க. யார்கிட்ட விக்கிறது, எவ்ளோ வரும்னு திருப்பிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. யூடியூப்ல ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக்னு படம் விக்கிற வெப்சைட் பத்தியே ஒரே பேச்சு. தூங்கும்போதும் காசு வரும், மாசம் லட்சம்ங்கிறான் ஒருத்தன். வீட்ல என்னடான்னா, அடுத்த லென்ஸை இந்தக் கேமராவே சம்பாதிச்சு வாங்கட்டும்னு சொல்லிட்டாங்க. நிஜமா இதுல காசு பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்கண்ணா.

ஒயிட்டவுன்_ராஜா

மாசம் லட்சம் கண்டிப்பா வரும் தம்பி. அந்த யூடியூப்காரருக்கு. கோர்ஸ் வித்து.

ஊசுடு_ஏரி

செந்தில், நான் பல வருடமாக ஸ்டாக் தளங்களுக்குப் படம் ஏற்றுகிறேன். புதுச்சேரியில் அரசு வேலை, இது பக்கத் தொழில். ஒரு மாதம் டீச் செலவு, ஒரு மாதம் கரண்ட் பில், எப்போதாவது ஒரு மாதம் இரண்டும் சேர்ந்து கட்டலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து வராதீர்கள்.

முதலில் ஏதாவது ஒரு தளத்தில் கடற்கரைச் சூரியோதயம் என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். பக்கம் பக்கமாகக் கொட்டும். உங்கள் படம் அவற்றைவிட மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு அது சில்வர் பீச்சா, பாலியா என்பது பொருட்டே இல்லை. முதல் பக்கத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார், உங்கள் படம் இருக்கிற பக்கம் வரை வரவே மாட்டார்.

என் கணக்கில் திரும்பத் திரும்பப் போகிற படங்களில் ஒன்றுகூட முகநூலில் லைக் வாங்காது. கிளையோடு தொங்குகிற முந்திரிப் பழம், கீழே கொட்டை தெளிவாகத் தெரிகிற மாதிரி. குறுக்கே வெட்டிய பலா, வெள்ளைப் பின்னணியில். பிச்சாவரத்தில் தண்ணீர் இறங்கிய நேரத்து மூச்சுவேர்கள். மிளகாய் காயப்போட்ட களம். இவை எல்லாம் யாரோ ஒருவருக்கு ஒரு கட்டுரைக்கோ, பாடப்புத்தகத்துக்கோ, பாக்கெட் டிசைனுக்கோ தேவைப்படுகிற படங்கள். அதிலும் செடிக்கும் பறவைக்கும் அறிவியல் பெயரைக் குறிச்சொல்லில் (தேடலுக்காகப் படத்தோடு தருகிற சொற்கள்) போட்டால் பாடநூல் ஆட்கள் நேராக அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஊசுடு ஏரியில் எடுத்த சாதாரண நாரைப் படம் எனக்கு அப்படித்தான் போனது.

குறிச்சொல் எழுதுவது படம் எடுப்பதைவிடச் சலிப்பான வேலை, ஆனால் பாதி விற்பனை அங்கேதான். ஷட்டர்ஸ்டாக்கில் 50 வரை, அடோபியில் 49 வரை போடலாம். அடோபியில் வரிசை முக்கியம், முதல் பத்துச் சொல்லுக்குத்தான் எடை அதிகம். ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டு, படம் தேடலில் வரவில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சில்வர்பீச்_செந்தில்

அண்ணா, ஒரு படம் போனா எவ்ளோ கொடுப்பாங்க? அதை யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க.

ஊசுடு_ஏரி

வெளிப்படையான கணக்குதான். சந்தா கட்டி மொத்தமாக இறக்குகிறவர் வாங்கினால் சென்ட் கணக்கில்தான் வரும். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் முறையை மாற்றியது. ஆறு நிலைகள், நமக்கு வரும் பங்கு 15 சதவீதத்தில் தொடங்கி 40 வரை. வருடத்தில் முதல் 100 டவுன்லோடுக்கு 15, அதைத் தாண்டி 250 வரை 20, இப்படி ஏறும். குறைந்தபட்சம் 10 சென்ட். இதில் கசப்பு என்னவென்றால் ஜனவரி 1 அன்று எல்லோரும் மறுபடி முதல் நிலைக்கு வந்துவிட வேண்டும். டிசம்பரில் நான்காவது நிலையில் இருந்தாலும் புத்தாண்டுக்கு 15 சதவீதம்தான்.

அடோபி ஸ்டாக் படத்துக்கு 33, வீடியோவுக்கு 35 சதவீதம். ஐஸ்டாக்கில், அவர்களுக்கு மட்டும்தான் விற்பேன் என்று தனியுரிமை கொடுக்காமல் ஏற்றினால் படத்துக்கு 15. அலாமி இங்கிலாந்துக் கம்பெனி, விற்பனை அபூர்வம், ஆனால் ஒன்று போனால் பல டாலர் கையில் நிற்கும். அங்கேயும் பங்கு வருட விற்பனையைப் பொறுத்தது, 250 டாலருக்குக் கீழே போனால் 40 சதவீதம் 20 ஆகிவிடும்.

தனியுரிமை கொடுக்காதவரை ஒரே படத்தை எல்லாத் தளத்திலும் ஏற்றலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஒயிட்டவுன்_ராஜா

15 சதவீதம் நமக்கு, 85 அவனுக்கு. நம்ம ஊரு மீன் ஏலத்துல தரகர்கூட இப்படி எடுக்க மாட்டார்.

அதோட இன்னொன்னு. இனிமே ஏஐ இருக்க, காசு கொடுத்து எவன் வாங்குவான்? ரெண்டு வரி டைப் பண்ணா மஞ்சச் சுவரு, காகிதப்பூ, சைக்கிளு எல்லாம் வந்து நிக்குது. பாண்டிச்சேரின்னு போட்டா ஒயிட் டவுனே வருது.

ஊசுடு_ஏரி

பாதி சரி ராஜா. கைகுலுக்கல், லேப்டாப் முன்னால் சிரிக்கிற பெண், மேசை மேல் காபிக் கோப்பை, இதெல்லாம் போயே போய்விட்டது. 2023 மார்ச்சில் வந்த அடோபியின் ஏஐ பட மென்பொருள் ஃபயர்ஃபிளை கற்றுக்கொண்டதே நாம் அடோபி ஸ்டாக்கில் ஏற்றி வைத்த படங்களையும் வைத்துத்தான். அந்த செப்டம்பரில் போனஸ் என்று ஒரு தொகை போட்டார்கள். ஷட்டர்ஸ்டாக்கிலும் ஏஐ பயிற்சிக்குக் கொடுத்த படத்துக்குப் பங்காக அவ்வப்போது ஏதோ வருகிறது. 2025 ஜனவரியில் ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டி இமேஜஸ் என்கிற இன்னொரு பெரிய படக் கம்பெனியும் இணையப் போவதாக அறிவித்தார்கள். வாங்குகிற கை குறைந்தால் விற்கிறவனுக்கு நல்லதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்தப் படத்தை எந்தப் பத்திரிகையும் ஏஐயில் செய்து போட முடியாது. போட்டால் பொய். தொடர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டு கடலூருக்குள் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற தெருவை அன்றைக்கே தலைப்போடு ஏற்றியவருக்குத்தான் மதிப்பு. ஒரு வாரம் கழித்து ஏற்றினால் கோப்பில் சேரும், அவ்வளவுதான். பிறகு எப்போதாவது பருவநிலைக் கட்டுரைக்குப் போகும்.

மஞ்சக்குப்பம்_ஸ்டூடியோ

தம்பி செந்தில், நான் ஃபிலிம் ரோல் காலத்துல இருந்து கடை வச்சிருக்கேன். டாலர்ல பேசுறாங்க எல்லாரும், நான் ரூபாயில பேசுறேன். நீ திருப்பாதிரிப்புலியூர்லருந்து ஓ.டி. (ஓல்டு டவுன்) வரைக்கும் ஒரு ரவுண்டு போ. எத்தனை பேக்கரி, எத்தனை ஸ்வீட் ஸ்டால், எத்தனை பிரியாணிக் கடை. மெனு கார்டுல என்ன படம் போட்டிருக்கான்னு பாரு. எவனோ வடநாட்டுக்காரன் எடுத்த பிரியாணி, நெட்ல இறக்கினது. அவன் கடைப் பிரியாணி அப்படி இருக்கவே இருக்காது. நீ போய் அவன் கடைச் சாமானையே எடுத்துக் கொடுத்தா ஒரு மத்தியான வேலைக்கு, ஊசுடு சார் பல மாசம் பார்க்கிற டாலர் வந்துடும்.

வெளிச்சத்துக்கு லைட்டெல்லாம் வாங்காத. வடக்குப் பார்த்த ஜன்னல், ஒரு பக்கம் தெர்மகோல் அட்டை. நெத்திலி வறுவலை எண்ணெய் மினுக்கோட எடுக்கணும்னா ஜன்னல் உனக்கு எதிர்ல இருக்கணும், முதுகுக்குப் பின்னாடி இருக்கக் கூடாது. சூடா வந்த மூணு நிமிஷத்துல எடுத்துடு, அப்புறம் எண்ணெய் உறைஞ்சு படம் செத்துடும்.

எனக்கும் ஒரு சந்தேகம். என்கிட்ட பழைய கல்யாண ஆல்பத்துப் படம் மலை மாதிரி இருக்கு. மெஹந்திக் கை, தாலி, மாலை மாத்துறது. இதை ஸ்டாக்ல ஏத்தலாமா? நான் எடுத்ததுதானே?

வழக்குரைஞர்_பாகூர்

ஐயா, ஏற்றாதீர்கள். நீங்கள் எடுத்தாலும் அது உங்களுடையதல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு: படம் எடுத்தவரே முதல் உரிமையாளர் என்பது பொதுவிதி. ஆனால் ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டதன் பேரில் எடுத்த புகைப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்த ஆளே முதல் உரிமையாளர். கல்யாணப் படம் முழுக்க அந்த வகை. முகம் தெரிந்தால் சம்மதமும் தனியாக வேண்டும்.

இனி எடுக்கிற வேலைக்கு ஆர்டர் படிவத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பதிப்புரிமை ஸ்டூடியோவுக்கு, வாடிக்கையாளருக்கு இன்ன பயன்பாட்டுக்கு உரிமம். செந்திலுக்கும் இது பொருந்தும். பேக்கரிக்குப் படம் எடுத்துக் கொடுக்கும்போது மெனு, கடைப் பலகை, இன்ஸ்டாகிராம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்கு அவர் அதையே பாக்கெட்டில் அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பினால் அது தனிப் பேச்சு.

மஞ்சக்குப்பம்_ஸ்டூடியோ

அடேங்கப்பா. நல்லவேளை கேட்டேன். நன்றி வக்கீல் சார்.

ஒயிட்டவுன்_ராஜா

வக்கீல் சார், என் கதையைக் கேளுங்க. துமா வீதிப் பக்கம் நான் எடுத்த படம், மஞ்சச் சுவரு, நீல ஜன்னல், முன்னாடி ஒரு பாட்டி கோலம் போடுறாங்க. ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் அதைத் தூக்கித் தன் புக்கிங் பக்கத்துல போட்டிருக்கார். ஓரத்துல இருந்த என் பேரை மட்டும் அழகா வெட்டிட்டார். போன் பண்ணா "உங்க படத்துக்கு நாங்க விளம்பரம்தானே சார் பண்றோம்"ங்கிறார்.

வழக்குரைஞர்_பாகூர்

முதலில் அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் ரா ஃபைல், அதாவது கேமராவில் பதிந்த மூலக் கோப்பு, பத்திரமா? அதுதான் உங்கள் பட்டா. பிறகு அந்த புக்கிங் தளத்துக்கே நேரடியாகப் பதிப்புரிமைப் புகார் அனுப்புங்கள். பெரிய தளங்களில் அதற்கென்று படிவம் உண்டு, பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அடுத்தது நோட்டீஸ், நியாயமான உரிமக் கட்டணம் கேட்டு. 63ஆம் பிரிவில் இது குற்றமும்கூட, ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நோட்டீஸில் இந்த வரி இருந்தாலே பேச்சின் தொனி மாறும். வழக்கு என்று போனால் 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கிற ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ஒரு கேள்வி, அந்தப் பாட்டியிடம் நீங்கள் சம்மதம் வாங்கினீர்களா?

ஒயிட்டவுன்_ராஜா

சார்...

வில்லியனூர்_கலை

ராஜா அண்ணன் மாட்டினார் :)

நான் ஸ்டாக்கை விட்டு விலகி ரொம்ப நாளாச்சு. இப்போ ரெண்டு வேலை. ஒண்ணு, கைவினைக்காரங்களுக்குப் பொருள் படம். எங்க ஊர் சுடுமண் சிற்பத்துக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா ஆன்லைன்ல விக்கப் போனா படம் மங்கலா, பின்னாடி துணிக்கொடி தெரிய இருக்கும். சுடுமண்ணுக்கு ஃபிளாஷ் அடிச்சா நிறம் ஆரஞ்சாப் போயிடும், காலை பத்து மணிக்குள்ள திண்ணை நிழல்ல எடுத்தா அப்படியே வரும். காசு பெருசா இல்ல, ஆனா மாசாமாசம் புதுப் பொம்மை வருது, மாசாமாசம் கூப்பிடுறாங்க.

ரெண்டாவது, பிரிண்ட். ஒயிட் டவுன் கஃபே சுவர்ல மாட்டி வைப்போம், வித்தா அவங்களுக்குக் கமிஷன். இதுல நான் பார்த்தது: பெரிய கேன்வாஸை எல்லாரும் நின்னு பார்ப்பாங்க, செல்ஃபி எடுப்பாங்க, வாங்க மாட்டாங்க. சென்னையிலருந்தும் பெங்களூர்லருந்தும் வார இறுதிக்கு வர்றவங்க பையில மடங்காமப் போகுற அளவுதான் வாங்குறாங்க, ஏ5, மிஞ்சினா ஏ4, அட்டைக் கவரோட. பஞ்சுத் தாள்ல மேட் பிரிண்ட். அதுல போறது காந்தி சிலை இல்ல. காந்தி சிலையை அவங்களே போன்ல எடுத்துட்டாங்க. குபேர் மார்க்கெட் மீன்காரம்மா கை, ஆயி மண்டபத்து நிழல், வீராம்பட்டினம் தேர் வடம். அவங்களுக்குக் கிடைக்காத நேரத்துல எடுத்தது.

மறந்தே போயிட்டேன், பிரேம் மரத்துல போடுங்க. கடல் காத்துல இரும்பு ஆணியும் கிளிப்பும் ஒரே மழைக்காலத்துல துருப்பிடிச்சு பிரிண்ட்டுல கறை இறங்கும். லென்ஸுக்கும் பூஞ்சை வரும், செந்தில் தம்பி பீச் பக்கமே இருக்கிறதால சிலிக்கா ஜெல் போட்ட டப்பா இல்லாம கேமராவை வைக்காதீங்க.

சில்வர்பீச்_செந்தில்

அக்கா, பாட்டி சம்மதம்னு வக்கீல் சார் கேட்டாரே, அது என்ன? தேவனாம்பட்டினத்துல மாசி மகத்துக்கு எடுத்த படம் நிறைய இருக்கு, எல்லாத்துலயும் ஜனங்க முகம்தான். அத்தனை பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கணுமா?

ஊசுடு_ஏரி

இதை நான் சொல்கிறேன். தளங்களில் இரண்டு கூடை உண்டு. விளம்பரத்துக்குப் போகிற படத்தில் அடையாளம் தெரிகிற முகம் இருந்தால் மாடல் ரிலீஸ் என்கிற சம்மதப் படிவம் வேண்டும், பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். "சும்மா ஒரு கையெழுத்துதான் பாட்டி" என்று வாங்காதீர்கள், படம் எங்கே எல்லாம் போகலாம் என்று தமிழில் விளக்கிவிட்டு வாங்குங்கள். தனியார் வீட்டின் முகப்பு, கடைப் பலகை, லோகோ இவற்றுக்கும் இதே சிக்கல் வரும்.

மற்றது எடிட்டோரியல். செய்தி, கட்டுரை, பாடநூலுக்கு மட்டும். அதற்குக் கையெழுத்து வேண்டாம், ஆனால் படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது. மாசி மகம் முழுக்க இந்தக் கூடைதான். தலைப்பில் ஊர், நாடு, தேதி, பிறகு நடந்தது: "கடலூர், இந்தியா – இன்ன மாதம் இன்ன தேதி: மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்கு சுவாமிகளைக் கடற்கரைக்குக் கொண்டுவருகிறார்கள்" என்கிற மாதிரி. எல்லாத் தளமும் எடிட்டோரியலை ஒரே மாதிரி எடுப்பதில்லை, விதியைப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

எடுக்கவே கூடாத இடங்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்கே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தடை சொல்லிவிட்டது, பாடலீஸ்வரர் கோயிலாக இருந்தாலும் கோபுரத்தை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோவில் மாத்ரிமந்திருக்குள் கேமரா, போன் எதுவும் போகாது. நெய்வேலி சுரங்கம் நிறுவன அனுமதி இல்லாமல் ஆகாது. லாஸ்பேட்டை விமான நிலையத்தைச் சுற்றி ட்ரோன் பறக்கவிடுமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில்தான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம்.

பொது இடத்துச் சிலைக்கு இந்தியச் சட்டத்தில் விலக்கு உண்டு, இல்லையா வக்கீல் சார்?

வழக்குரைஞர்_பாகூர்

உண்டு, 52ஆம் பிரிவு. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் மீறல் ஆகாது. ஆனால் வெளிநாட்டுத் தளம் தன் விதியைத்தான் பார்க்கும்.

கணக்குப்பிள்ளை

ஒருவரும் வரியைப் பற்றிப் பேசவில்லையே! அமெரிக்கத் தளங்களில் கணக்குத் தொடங்கியதும் டபிள்யூ-8பென் என்று ஒரு வரிப் படிவம் கேட்பார்கள். நிரப்பாமல் விட்டால் அங்கே விற்ற பங்கில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். நிரப்பி, இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டி, பான் எண்ணைக் கொடுத்தால் ராயல்டிக்கு 15 சதவீதம். கையெழுத்திட்ட வருடமும் அதற்குப் பிறகு மூன்று வருடமும் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அங்கே பிடித்ததை இங்கே வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதற்குத் தனிப் படிவம் உண்டு, ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் பேபால், பேயோனியர் என்கிற பணப் பரிமாற்றச் சேவைகள் வழியாக வரும். அடோபியில் 25 டாலர் சேர்ந்தால்தான் எடுக்கவே முடியும். அதனால் தொடக்கத்திலேயே பத்துத் தளத்தில் கணக்குத் திறந்து, பத்திலும் மூன்று மூன்று டாலர் முடங்கிக் கிடக்க விடாதீர்கள். சின்னத் தொகைதானே என்று கணக்கில் காட்டாமலும் விடாதீர்கள், வெளிநாட்டுப் பணம் வந்த தடம் வங்கியில் இருக்கும்.

சில்வர்பீச்_செந்தில்

தலை சுத்துது, ஆனா தெளிவா இருக்கு. அப்போ நான் இப்படிப் பண்ணலாம்னு இருக்கேன். அடோபி, ஷட்டர்ஸ்டாக் ரெண்டுல மட்டும் கணக்கு. சூரியோதயம் எல்லாம் அப்படியே கிடக்கட்டும், நல்லதா கொஞ்சம் எடுத்து கலை அக்கா சொன்ன மாதிரி ஏ5 பிரிண்ட் போட்டுப் பார்க்கிறேன். எங்க தெரு முனை பேக்கரிக்காரர்கிட்ட நாளைக்கே பேசுறேன். ஊசுடு அண்ணா, முந்திரி எடுக்கணும்னா எப்போ போகணும்? பண்ருட்டியில மாமா வீடு இருக்கு.

ஊசுடு_ஏரி

பிப்ரவரியில் பூ, மார்ச் கடைசியிலிருந்து மே வரை பழம். ஒரே மரத்தில் பூ, பிஞ்சு, பழம் மூன்றும் வரிசையாக எடுத்தால் பாடநூலுக்குத் தொகுப்பாகப் போகும். கொட்டை உடைக்கிற வேலையையும் எடுங்கள், பண்ருட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஓட்டுப் பாலில் கறுத்த பெண்களின் கையைக் கிட்டத்தில். முகம் வரவில்லை என்றால் ரிலீஸ் தொல்லையும் குறையும். ஆனாலும் கேட்டுவிட்டு எடுங்கள், அவர்கள் வீட்டு வாசல் அது.

பொங்கல் படத்தைப் பொங்கலன்று ஏற்றி ஒரு பயனும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் நவம்பரிலேயே தேட ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வருடம் எடுத்ததை அடுத்த வருடத்துக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம்_ஸ்டூடியோ

வெள்ளைப் பின்னணிக்குச் சார்ட் பேப்பர் போதும் தம்பி, வளைச்சு வச்சு எடு, மூலைக் கோடு தெரியாது. பலாப்பழத்தை மட்டும் அதுமேல வெட்டாத, பிசின் ஒட்டிக்கும். கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிட்டு, வேற இடத்துல வெட்டிக் கொண்டாந்து வை.

பேக்கரிக்குப் போறப்ப கடைக்கு வந்துட்டுப் போ, ஸ்டாண்டு ஒண்ணு தர்றேன். திருப்பிக் கொடுக்கணும்.

சில்வர்பீச்_செந்தில்

வர்றேன் ஐயா. வெள்ளிக்கிழமை எனக்கு ஆஃப், காலையில கடை திறந்திருக்குமா?

மஞ்சக்குப்பம்_ஸ்டூடியோ

பத்து மணிக்கு மேல வா. வெள்ளிக்கிழமை பூஜை போட்டுட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவேன்.